ஜிம்னிக்கு 50 மி.மீ. லிஃப்ட்: வீட்டிலேயே மாட்ட முடியுமா?

பாறைத்தடம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை சுசூகி ஜிம்னி, மேனுவல் கியர். வாங்கியதிலிருந்து சஸ்பென்ஷனில் கை வைத்ததே இல்லை. போன மாதம் மூன்று பேரும் கூடாரச் சாமானுமாக ஒரு பாறைத் தடத்தில் ஏறினோம். அடியில் பலமுறை இடித்தது. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், பின் ஆக்சிலில் ஷாக்கின் கீழ்முனையைத் தாங்கும் பிராக்கெட் இரண்டிலும் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. நடுவில் சேசிஸின் குறுக்குச் சட்டத்திலும் ஒரு நீளமான கீறல்.

அதனால் 50 மி.மீ. உயர்த்தும் கிட் ஒன்று வாங்கிவிட்டேன். பெட்டிக்குள் நான்கு காயில் ஸ்பிரிங், நான்கு நீள ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. ஒரு பட்டறையில் விசாரித்தபோது, "ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுகிற வேலைதானே, அரை நாளில் முடிந்துவிடும், அலைன்மென்ட்கூடத் தேவையில்லை" என்றார்கள். அப்படியென்றால் நானும் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே செய்துவிடலாமே என்று ஆசை. இரண்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. சமமான கான்கிரீட் தரை இருக்கிறது. ஒரு டிராலி ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, நல்ல பாக்ஸ் ஸ்பேனர் செட் இருக்கின்றன. போல்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லை.

என் சந்தேகங்கள் இவைதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் வேண்டுமா? பெட்டியில் உள்ள எட்டுப் பொருளும் போதுமா, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா? முதல்முறை செய்கிறவன் எங்கே தவறு செய்வான்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலுசக்கரம் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம் நண்பரே. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டாக ஓடும் ஆக்சில். ஷாக்கைக் கழற்றி ஆக்சிலை இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கைக்கு வந்துவிடும். கம்ப்ரசர் தேவையில்லை. மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டாகச் சேர்ந்தது) உள்ள வண்டியாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அமுங்கிய நிலையில் இருக்கும் அந்த ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றவே கூடாது.

இரண்டு சாமான் மட்டும் கட்டாயம்: டார்க் ரெஞ்ச், இன்னும் இரண்டு ஸ்டாண்டு. டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தாலும் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம்களின் போல்டுகளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் ஒருமுறை துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். எனக்கு ஒரு போல்ட், ஆர்மின் துளையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டிப்போய், அதை மட்டும் எடுக்க அரை நாள் ஆனது.

பதினேழாம்_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் அதுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மூன்றாம் தலைமுறை ஜிம்னிக்கு என் கையாலேயே லிஃப்ட் மாட்டினேன். ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எல்லா போல்டையும் சுலபமாக எட்ட முடிந்தது. அதனால் ஆர்ம் போல்டு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்ட் ராடின் போல்டு என ஒன்று விடாமல் அந்த நிலையிலேயே முழு இறுக்கம் கொடுத்துவிட்டேன். வண்டியை இறக்கினேன். 50 மி.மீ. ஏற வேண்டிய வண்டி 65 ஏறி நின்றது. ரொம்ப சந்தோஷம். ஓட்டினால் மட்டும் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் முதுகில் குத்தியது. புது ஸ்பிரிங், பழகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆகவில்லை, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் 'டொக்' என்று ஒரு அடி. கழற்றிப் பார்த்தால் இடது ஆர்மின் புஷ்ஷில் ரப்பர், உள் குழாயை விட்டுப் பிறைநிலா வடிவத்தில் பிய்ந்திருந்தது. விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி.

காரணம் இதுதான். கம்பெனி புஷ்ஷில் ரப்பர், வெளி வளையத்தோடும் உள் குழாயோடும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். போல்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு கவ்வி நின்றுவிடும், சுழலாது. அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதுமே எல்லா புஷ்ஷும் முறுக்கேறி நிற்கும், நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்கு விடாது. அந்த முறுக்கே கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கும். எனக்கு வந்த அந்த 15 மி.மீ. உயரம் அதுதான். ஸ்பிரிங் தந்த உயரம் இல்லை, ரப்பர் பிய்ந்துகொண்டே கொடுத்த உயரம்.

ஆகவே ஜிம்னியில் ஒவ்வொரு ஆர்முக்கும் ஆக்சில் பக்கம் இரண்டு போல்டு, சேசிஸ் பக்கம் ஒன்று. நான்கு ஆர்முக்கு பன்னிரண்டு. பனார்ட் ராட் முன்னும் பின்னும் சேர்த்து நான்கு. மொத்தம் பதினாறு. இந்தப் பதினாறையும் வேலை தொடங்கும்போதே தளர்த்திவிடுங்கள், கழற்ற வேண்டாம். புது ஸ்பிரிங் மாட்டி முடித்து, சக்கரம் போட்டு, வண்டி தன் முழு எடையோடு தரையில் நின்ற பிறகு, பானெட்டையும் பின்பக்கத்தையும் நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, முன்னும் பின்னும் ஒரு மீட்டர் தள்ளி உருட்டிவிட்டு, அப்புறம்தான் கடைசி இறுக்கம். உயர்த்திய ஜிம்னிக்கு அடியில் படுத்துக்கொண்டே டார்க் ரெஞ்சைத் திருப்ப இடம் இருக்கும். இல்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் உறுதியான சாய்தளம் வையுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுத்து ஒரு அட்டையில் எழுதி, வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்டிலும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்டு முடியாத போல்டு. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் பழையதே போடாமல் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலியூரிதேன் புஷ் போட்டவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதில் குழாய் தனியாகச் சுழலும். கிரீஸ் மட்டும் தவறக் கூடாது.

இனி வேலை வரிசை. பழைய ஸ்பிரிங் இருக்கும்போதே அளவெடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையிலும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கூடக்குறைய இருந்து கணக்கைக் கெடுக்கும்.

பின்னாலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம், கை பழகும். பின் சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் ஹேண்ட்பிரேக்குக்கு வேலையே இல்லை, அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன் சக்கரத்துக்கு நீங்கள் வைத்த கட்டை மட்டுமே. ஆகவே இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, மொத்தம் நான்கு. சேசிஸ் சட்டத்தின் கீழே ஸ்டாண்டு, ஆக்சிலின் கீழே ஜாக்கி. ஸ்டாண்டில் எடை உட்கார்ந்ததும் வண்டியின் பக்கவாட்டில் கை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அது விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை ஓரத்தில் சாய்த்து வைக்காதீர்கள், சேசிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

ஷாக்கின் கீழ் போல்டை எடுத்ததும் ஆக்சிலை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அந்த நேரத்தில் உங்கள் தம்பிக்கு ஒரே வேலை: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பது. எதுவாவது விறைத்தால் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். ஹோஸையும் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை முன்னமே கழற்றிவிட்டால் நிறைய இடம் கிடைக்கும். ஆக்சிலின் எடை ஒரு நொடிகூட ஹோஸில் தொங்கக் கூடாது. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே கையை நுழைக்க வேண்டிய நேரம் வரும். அப்போது ஜாக்கியின் கைப்பிடியில் யாருடைய கையும் இருக்கக் கூடாது.

பழைய ஸ்பிரிங் வெளியே வந்ததும் புதியதை உடனே சொருகிவிடாதீர்கள். ஸ்பிரிங் இல்லாத இந்த இருபது நிமிடம் திரும்பக் கிடைக்காது. புது ஷாக்கை மட்டும் மாட்டி, ஆக்சிலை ஜாக்கியால் மெதுவாக பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் வரை ஏற்றுங்கள். ஏற்றும்போது சேசிஸ் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இப்போது ஷாக்கின் பளபளக்கும் தண்டு இன்னும் எவ்வளவு வெளியே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போயிருந்தால், நாளை ஒரு பெரிய குழியில் ஆக்சில் வேகமாக மேலே வரும்போது அடி பம்ப் ஸ்டாப்பில் விழாது, ஷாக்குக்குள் விழும். நீள ஷாக் என்றால் மூடிய நிலையிலும் அது நீளம்தான். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள். இடம் போதவில்லை என்றால் பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஒரு கட்டை வைத்து நீட்ட வேண்டும்.

புது ஸ்பிரிங்கில் இடது வலது என்று ஒட்டியிருந்தால் மாற்றிவிடாதீர்கள். காயிலின் வெட்டு முனை, தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் திருப்பி உட்கார வையுங்கள்.

முன்பக்கமும் இதே முறைதான். ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை எடுத்துவிட்டால் ஆக்சில் நன்றாக இறங்கும். பனார்ட் ராடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு முனையில் சேசிஸிலும் மறு முனையில் ஆக்சிலிலும் பிடித்திருக்கிறது, நீளம் மாறாது. வண்டி உயர்ந்தால் அது இன்னும் சாய்கிறது, சாய்ந்தால் அதன் பக்கவாட்டு அகலம் குறைகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான். ராட் 900 மி.மீ. என்றும், இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 60 ஆக இருந்து 110 ஆகிறது என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள். பக்கவாட்டு அகலம் 898-லிருந்து 893-க்கு வரும். ஆக்சில் முழுவதும் 5 மி.மீ., ராடின் சேசிஸ் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும். 50 மி.மீ. லிஃப்டுக்கு இது கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதும் தெரியாது. நீளத்தை மாற்றக்கூடிய ராட் வாங்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முதலில் மாட்டி அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இரண்டு நாள் போதும். முதல் நாள் பின்பக்கம் மட்டும். இருட்டிய பிறகு ஒரு போல்டையும் தொடாதீர்கள்.

சேற்றுவண்டி எழுதியது:

அண்ணன் சொன்ன புஷ் விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். சஸ்பென்ஷன் வேலை எனக்குத் தினசரித் தொழில், பிய்ந்த புஷ்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். நான் வேறு இரண்டைச் சொல்ல வந்தேன்.

முதலில், அலைன்மென்ட் வேண்டாம் என்ற பேச்சை நம்பாதீர்கள் தம்பி. ஜிம்னியின் முன் ஆர்ம்கள் பின்னால் சேசிஸில் கீல் போட்டது மாதிரி பிடித்திருக்கின்றன, முன் முனையில் ஆக்சிலை இரண்டு போல்டால் கெட்டியாகக் கவ்வுகின்றன. வண்டி உயரும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது, அதோடு ஆக்சிலும் சேர்ந்து முன்பக்கமாகத் திரும்புகிறது. ஆர்ம் நீளம் 700 மி.மீ. என்றால் 50 மி.மீ. உயர்வுக்கு ஏறக்குறைய 4 டிகிரி. அவ்வளவும் கேஸ்டர் கோணத்திலிருந்து போகிறது. கேஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது மாதிரி. அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. அது குறைந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வேகத்தில் வண்டி நூல் பிடித்தது போலப் போகாமல் அலையும், ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் கேஸ்டர் திருத்தும் புஷ் இல்லை என்பதுதான் என் கவலை. துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் புஷ் அது, முன் ஆர்மின் ஆக்சில் பக்க இரண்டு துளையிலும் போகும். அதை இப்போதே வாங்கி வையுங்கள். அழுத்தி ஏற்ற பிரஸ் வேண்டும், ஆர்மைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனால் போதும்.

ஆனால் இழந்த 4 டிகிரியையும் திரும்பப் பெற ஆசைப்படாதீர்கள். ஆக்சிலைப் பின்னோக்கித் திருப்பினால், அதே இரும்புத் துண்டில் இருக்கும் பினியனின் மூக்கு (பிராப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம்) கீழே இறங்கும். முன் பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது மடங்கும் மூட்டு, இன்னும் கூடுதலாக மடங்கும், அதிர்வு வரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும், இடையில் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தால் நான் திருப்தியாகிவிடுவேன். 2 எச்சில், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், முன் ஷாஃப்ட் சுழலாது என்பதால் அதிர்வு இருந்தாலும் தெரியாது. ஜல்லி போன்ற இளகிய தரையில் நான்கு சக்கரமும் இழுக்கும் 4 எச் போட்டு ஓட்டிப் பார்த்துதான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. பெயிண்ட் போனது பின் ஆக்சிலில் உள்ள ஷாக் பிராக்கெட்டில் என்கிறீர்கள். இந்த லிஃப்ட் அதை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. ஸ்பிரிங் உயர்த்துவது தனக்கு மேலே இருப்பதை மட்டும்தான்: சேசிஸ், பாடி, பம்பர். குறுக்குச் சட்டத்தின் கீறல் தீரும். ஏறும்போதும் இறங்கும்போதும் பம்பர் இடிப்பதும் குறையும். ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் ஷாக் பிராக்கெட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான் உயரும். இப்போது இருப்பது 195/80 ஆர்15 டயர் என்றால் அதன் விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் 703, பிராக்கெட்டுக்குக் கிடைப்பது 5 மி.மீ. 235/75 போட்டால் 733, கிடைப்பது 20. ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதை விட 6 சதவீதம் வேகமாகப் போகும், இழுவையும் குறையும், முழுதாகத் திருப்பும்போது எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு டயரைத் தொடாமல், பிராக்கெட்டுக்குக் கீழே சறுக்குத் தகடு போடுவேன். கல்லில் இடித்தாலும் கொக்கி மாதிரி மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். லிஃப்ட் வீண் என்று சொல்லவில்லை, எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். உங்கள் நாட்டில் பதிவு விதியும் காப்பீடும் இந்த மாற்றத்தை ஏற்குமா என்பதையும் போல்டைத் தொடும் முன் பார்த்துவிடுங்கள்.

பாறைத்தடம் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது. இரண்டு நாள் என்று நினைத்தது மூன்று நாள் ஆனது.

ஷாக் பிராக்கெட் பற்றி அக்கா எழுதியதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. டார்ச் அடித்து மறுபடி அடியில் படுத்துப் பார்த்தேன். ஆக்சிலின் பாகம் என்று எழுதியிருந்தது அங்கே படுத்ததும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சறுக்குத் தகடு சொல்லி வைத்திருக்கிறேன். கேஸ்டர் புஷ்ஷும் வாங்கி, பிரஸ்ஸில் ஏற்றிக்கொண்டுதான் தொடங்கினேன்.

பின்பக்கம் மாலை நாலு மணிக்கே முடிந்தது. ஆக்சில் இறங்கும்போது தம்பி இரண்டுமுறை "நிறுத்து" என்றான். முதல்முறை இடது ஏபிஎஸ் ஒயர். ஒரு கிளிப்பை நான் கழற்றாமலே விட்டிருந்தேன். இரண்டாம் முறை மூச்சுக்குழாய், நிப்பிளை விட்டு நழுவப் பார்த்தது. அதற்கு இரண்டு சாண் நீளமாகப் புதுக் குழாய் போட்டு மேலே கொண்டுபோய் விட்டேன். தண்ணீரில் இறங்கும்போதும் உதவும் அல்லவா.

ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை ஏற்றி அளந்தேன் அண்ணா. பின்னால் தண்டு 31 மி.மீ. மிச்சம். முன்னால் வெறும் 6. கையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறு மில்லிமீட்டரைப் பார்த்தபோது, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வயிறு கலங்கியது. முன் பம்ப் ஸ்டாப்புக்கு 25 மி.மீ. நீட்டிப்பு வரவழைக்கத்தான் ஒரு நாள் கூடுதலாக ஆனது.

கடைசி இறுக்கத்தைத் தரையில் வைத்தே கொடுத்தேன். பதினாறு மஞ்சள் கோடு போட்டு எண்ணியபோது பதினைந்துதான் வந்தது. பின் பனார்ட் ராடின் ஆக்சில் முனை விட்டுப்போயிருந்தது. பெயிண்ட் கோடு இல்லையென்றால் அது கையால் இறுக்கிய நிலையிலேயே தடத்துக்குப் போயிருக்கும்.

அளவு: முன் இடது 52, முன் வலது 50, பின்னால் இரண்டும் 54.

ஓட்டிப் பார்த்ததில் வண்டி அலையவில்லை, ஸ்டியரிங் நன்றாகத் திரும்பி வருகிறது. 4 எச்சிலும் அதிர்வு தெரியவில்லை. ஒரே ஒரு பிரச்சினை. நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, கடிகாரத்தில் மணி முள் அரை மணி நேரம் நகர்ந்தது போல. கூடவே வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. ஸ்டியரிங்கைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டிவிடட்டுமா?

பதினேழாம்_ஸ்பேனர் எழுதியது:

அந்த ஆறு மில்லிமீட்டரை அளந்து கண்டுபிடித்தீர்களே, மனம் நிறைந்துவிட்டது தம்பி.

ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். அது சாய்வதற்குக் காரணம் கீழே இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் பனார்ட் ராட் மாதிரியே சாய்ந்து, பக்கவாட்டில் குட்டையாகிவிட்டது. அதனால் சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸ் நடுவில் இல்லை. மேலே சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் பார்க்க மட்டும் நேராக இருக்கும், பாக்ஸ் கோணலாகவே இருக்கும். ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரும் குழம்பும். வண்டி நேராகப் போகிறது, டிரைவர் திருப்பிப் பிடித்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. விளக்கு எரிந்தது அதனால்தான் இருக்கும்.

டிராக் லிங்கின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தை மாற்றுங்கள். முன் சக்கரம் நேராக, வண்டி தரையில். அரைச் சுற்று திருப்புங்கள், ஒரு சின்ன ஓட்டம், பார்த்துவிட்டு மறுபடி. பொறுமையாகச் செய்தால் மூன்று நான்கு முறையில் வந்துவிடும். லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள், அதற்கும் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். நேராக நின்ற பிறகு அலைன்மென்டுக்குப் போய் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), கேஸ்டர் இரண்டையும் அளக்கச் சொல்லி, சென்சாரையும் புதிதாகப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள்.

சேற்றுவண்டி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்ல வேலை. விட்டுப்போன ஒன்று: ஹெட்லைட். ஒவ்வொரு மூலையும் 50-க்குக் குறையாமல் ஏறியிருக்கிறது, பின்னால் கொஞ்சம் கூடவே. சாமான் ஏற்றி ஆட்கள் உட்கார்ந்ததும் கோணம் மாறும். நீங்கள் வழக்கமாகப் போகும் எடையோடு, சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது. 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும், அப்போது அந்த நான்கு மூலை அளவையும் திரும்ப எடுத்து இங்கே எழுதுங்கள். 54 எவ்வளவு இறங்குகிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

பாறைத்தடம் எழுதியது:

ஸ்டியரிங் நேராகிவிட்டது அண்ணா, ஒன்றரைச் சுற்றில். விளக்கு திரும்ப எரியவில்லை. அலைன்மென்டுக்கு வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள், அளவுத் தாளைக் கொண்டுவந்து போடுகிறேன். ஹெட்லைட்டை இன்று இரவு பார்க்கிறேன் அக்கா.